தாய்லாந்துச் செடிகள் தருவிப்போர் கவனத்திற்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். தாய்லாந்திலிருந்து அக்லோனிமா, ஆந்தூரியம், பிலோடென்ட்ரான் ஆகிய அலங்காரச் செடிகளைத் தருவிக்கப் பெயர் கொடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இறக்குமதி அனுமதியும், அந்நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழும் கட்டாயம். வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. பெட்டியில் துணிக்கு நடுவே மறைத்துக் கொண்டுவரும் யோசனையை இங்கே எழுதாதீர்கள்.

நான் அஞ்சுவது இலைக்கருகல் நோய் தரும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவுக்குத்தான். 1980களில் ஹவாய்த் தீவின் ஆந்தூரியம் தோட்டங்களைச் சூறையாடியது அதுதான். அதிகாலையில் இலை விளிம்பில் கசிந்து நிற்கிறதே நீர்த்துளி, அது கசியும் நுண்துளை வழியே இந்தப் பாக்டீரியா உள்ளே புகும். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் எண்ணெய் பட்டதுபோல் புள்ளியும் சுற்றிலும் மஞ்சள் வளையமும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மருந்தடித்துக் குணமாக்க முடியாது. தொட்டியோடு அப்புறப்படுத்துவதே வழி.

புதுச் செடிகளை ஒரு மாதமாவது தனியே வையுங்கள். இலையில் தெளிக்காமல் தூரில் நீர் ஊற்றுங்கள். செடிக்குச் செடி கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள். சென்ற மழைக்காலத்தில் துடைக்காத ஒரே கத்தியால் பதினொரு தொட்டிகளை இழந்தேன்.

சந்தேகமிருந்தால் இலையின் இருபுறமும் படமெடுத்துக் குழுவில் அனுப்புங்கள்.