தரங்கம்பாடி புது எருசலேம் யாரோட கோவில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த தரங்கம்பாடி பயணக் கட்டுரை படிச்சேன். கோட்டையைப் பத்தி, கடக்காத்தைப் பத்தியெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா புது எருசலேம் ஆலயம் படத்துக்குக் கீழ "டேனிஷ்காரர்கள் வழிபட்ட தேவாலயம்"னு போட்டுட்டீங்களே, அதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. நான் பொறையார்க்காரன், லுத்தரன் சபைக் குடும்பம்.

அப்ப ஊரை வெச்சிருந்த டேனிஷ்காரங்களுக்குத் தனியா கோவில் இருந்துச்சு சார், அதே தெருவுல, சீயோன் ஆலயம், 1701ல கட்டினது. ஜெர்மன் மிஷனரிங்க சீகன்பால்கு ஐயரும் (பாதிரியாரை நாங்க ஐயர்னுதான் சொல்வோம்) புளுட்சோவும் 1706 ஜூலை 9ல கப்பல் விட்டு இறங்கினாங்க, அடுத்த வருஷம் மே மாசம் முதல்ல ஞானஸ்நானம் வாங்கினது அஞ்சு பேர், அஞ்சு பேரும் டேனிஷ்காரங்க வீட்டு அடிமைங்க. எங்க சபை ஆரம்பிச்சது அந்த அஞ்சு பேர்ல இருந்துதான். அவங்களுக்காக 1707 ஆகஸ்ட்ல கடலோரமா ஒரு சின்னக் கோவில் கட்டி எருசலேம்னு பேர் வெச்சாங்க, தமிழ்லயும் போர்ச்சுகீசுலயும் ஆராதனை நடந்துச்சு. சபை பெருத்ததும் இடம் பத்தல. அந்தக் கோவில் இப்ப இல்ல, கடல் கொண்டு போயிடுச்சு.

அதுக்குப் பதிலா 1717 பிப்ரவரில கல் நாட்டி 1718 அக்டோபர் 11ல பிரதிஷ்டை பண்ணினதுதான் நீங்க படம் போட்ட கோவில். முகப்புல கிரீடமும் ராஜா முத்திரையும் இருக்கு, அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. மிஷனரிகளை அனுப்பினது டென்மார்க் ராஜா நாலாம் பிரெடெரிக், அதனால அவர் முத்திரை. ஆனா ஊர்ல இருந்த டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி கமாண்டருக்கு இவங்களைக் கண்டாலே ஆகாது, சீகன்பால்கு ஐயரை 1708 கடைசில புடிச்சு நாலு மாசம் கோட்டைக்குள்ளயே அடைச்சு வெச்சார். நீங்க ரசிச்சு எழுதின அதே டேன்ஸ்பர்க் கோட்டைதான்.

புதுக் கோவில்ல ஐயர் நாலரை மாசம்கூட முழுசா ஊழியம் செஞ்சிருக்க மாட்டார். 1719 பிப்ரவரி 23ல இறந்துட்டார், வயசு 36. பலிபீடத்துக்கு முன்னால அவர் கல்லறை இருக்கு, அடுத்த வருஷம் இறந்துபோன அவரோட சக மிஷனரி கிரண்ட்லர் ஐயரும் அங்கயே.

எங்க சபைக்காரங்க மேடையில பேசாத விஷயம் ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். 1733 டிசம்பர்ல ஆரோன் ஐயருக்குக் குருப்பட்டம் குடுத்தாங்க, இந்தியாவுல முதல் புராட்டஸ்டண்ட் நாட்டுக் குரு அவர், வருஷா வருஷம் பெருமையா சொல்லிக்கறோம். ஆனா ராஜநாயக்கன்னு ஒரு உபதேசியார் (குருப்பட்டம் இல்லாம வேதம் சொல்லிக் குடுக்கறவர்), தஞ்சாவூர் ராஜா படையில இருந்தவர், பல வருஷம் ஊழியம் செஞ்சவர், அவருக்கும் குடுக்கலாமான்னு யோசிச்சுட்டுக் கடைசி வரை குடுக்கல. காரணம் சாதி. கோவிலுக்குள்ளயே சாதி பாத்துத் தனித்தனியா உக்காந்த காலம் அது. இதையும் சேத்துச் சொன்னாத்தான் சார் வரலாறு.

இன்னொண்ணு, பொறையார் பக்கமும் எட்டிப் பாத்திருக்கலாம் நீங்க. மிஷனரிங்க அச்சடிக்கக் காகிதம் பத்தலன்னு இங்கயே காகித ஆலை போட்டாங்க, அந்த இடத்துக்கு இன்னிக்கும் கடுதாசிப்பட்டறைன்னுதான் பேரு.

1845ல டேனிஷ்காரங்க ஊரை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுக் கிளம்பிட்டாங்க, சபை எங்கயும் போகல. 1919ல தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைன்னு சொந்தக் கால்ல நின்னாச்சு, பேராயர் இருக்கறது திருச்சில, ஆனா பட்டம் மட்டும் இன்னிக்கும் தரங்கைப் பேராயர்தான். 2004 சுனாமில ஊர் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், கோவில் நின்னுச்சு.

அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டீங்கன்னா சந்தோஷப்படுவோம். உங்க போட்டோகிராபரை ஞாயித்துக்கிழமை காலைல வரச் சொல்லுங்க, பூட்டின கதவைப் படம் புடிச்சுட்டுப் போக வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொறையார்