கணக்கைக் காட்டாதவுகளை விட்டுப்புட்டு ரசிகன் மேல பழியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை விளையாட்டுப் பக்கத்துல இங்கிலாந்து ரக்பி கிளப்புக வரிசையா திவாலானதைப் பத்தி கட்டம் கட்டி ஒரு செய்தி போட்டிருந்தீக. செய்தி சரிதான், ஆனா கடைசி வரியில ரசிகர் ஆதரவு குறைஞ்சதுதான் காரணம்னு ஒரே போடா போட்டு முடிச்சுட்டீக பாருங்க, அங்கதான் எனக்கு ஒப்பல. காரைக்குடியில உக்காந்துக்கிட்டு இவுகளுக்கு என்ன ரக்பின்னு கேப்பீக. எங்க மக கல்யாணமாகி கவெண்ட்ரியில இருக்கு, மாப்பிள்ளை அங்க வாஸ்ப்ஸ் டீம் மேட்சு நடந்த வரைக்கும் விடவே மாட்டாக. நான் ரிட்டயர் ஆகறவரைக்கும் தேவகோட்டையில ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதினவன். ரக்பி எனக்கு அரைகுறைதான் (முட்டை மாதிரி ஒரு பந்து, தூக்கிக்கிட்டு ஓடலாம், ஆனா முன்னாடி நிக்கறவனுக்கு கையால எறியக்கூடாது, இம்புட்டுதான் தெரியும்), ஐந்தொகை (அதான் பேலன்ஸ் ஷீட்டு) வாசிக்கறது மட்டும் நல்லாவே தெரியும்.

முதல்ல வூஸ்டர் வாரியர்ஸ் கதையை எடுத்துக்குங்க. 1871ல ஆரம்பிச்ச கிளப்பு. அந்த ஊர்ல பாய்லர் கம்பெனி வச்சு சம்பாதிச்ச செசில் டக்வொர்த்னு ஒரு பெரியவரு வருசக்கணக்கா தன் காசைப் போட்டு, கீழ் டிவிசன்ல கிடந்த டீமை மேல கொண்டு வந்தாரு, சிக்ஸ்வேஸ்னு ஸ்டேடியமும் வளந்துச்சு. அவரு 2020 நவம்பர்ல காலமாயிட்டாரு, அதுக்கு முன்னாடியே கிளப்பு கை மாறிப்போச்சு. 2022 செப்டம்பர்ல பாத்தா வரி பாக்கி மட்டும் 60 லட்சம் பவுண்டுக்கு மேல, மொத்தக் கடன் இரண்டரைக் கோடி பவுண்டுக்கு மேல, ஸ்டாஃபுக்கு முழுச் சம்பளம் போகல. அங்க ரக்பியை மேல இருந்து நடத்துற ரக்பி யூனியன் கெடு வச்சுச்சு, செப்டம்பர் 26 திங்கக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குள்ள இன்சூரன்ஸ், சம்பளப் பணம், மேற்கொண்டு எப்படி நடத்தப் போறீகங்கற பிளான் எல்லாத்தையும் காட்டணும், இல்லேன்னா சஸ்பெண்டு.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சனிக்கிழமை நியூகாசில் கூட மேட்சு இருந்துச்சு. சம்பளம் ஒழுங்கா வராத ஸ்டாஃபுதான் வந்து கேட்டைத் திறந்தாக, சும்மா உதவிக்கு வந்த ஊர்க்காரவுகளும் கூட நின்னாக. வூஸ்டர் அன்னிக்கு 39-5னு ஜெயிச்சுச்சு. கிளப்பு போயிரும்னு தெரிஞ்சும் டிக்கெட் வாங்கி வந்து உக்காந்த கூட்டம் அது. திங்கக்கிழமை கெடு முடிஞ்சுச்சு, சஸ்பெண்டு. அக்டோபர் 5ம் தேதி ஆட்டக்காரவுக, ஸ்டாஃபுக சம்பளக் கணக்கு இருந்த கம்பெனியை கோர்ட்டு கலைச்சிருச்சு, அன்னிக்கே அதுல இருந்தவுக காண்ட்ராக்ட்டெல்லாம் காலி. இதுல ரசிகன் எங்க கைவிட்டான்னு நீங்கதான் சொல்லணும்.

வாஸ்ப்ஸ் விசயம் இன்னும் வயித்தெரிச்சல். 1867ல பொறந்த கிளப்பு, இங்கிலாந்து பட்டம் 6 தடவை, ஐரோப்பியக் கப்பு 2 தடவை. சொந்த மைதானம் கிடையாதுன்னு லண்டன் பக்கத்துலருந்து மூட்டை கட்டிக்கிட்டு 2014 டிசம்பர்ல கவெண்ட்ரிக்கு வந்து அங்க இருந்த பெரிய ஸ்டேடியத்தையே வாங்குனாக. வாங்க காசு? 2015ல பொதுமக்கள்கிட்ட பாண்டு (கடன் பத்திரம்) வித்து 3.5 கோடி பவுண்டு திரட்டுனாக, வட்டி நூத்துக்கு ஆறரை, ஸ்டேடியம்தான் ஈடு. வாங்குனவுகள்ல ரசிகர்களும் நிறைய. இங்கதான் நம்ம பக்கத்து ஆளுகளுக்குப் புரியும். பேங்க்ல கம்மி வட்டி குடுக்கறப்ப ஒருத்தன் கூட வட்டி தாரேங்கறான்னா ஏன் தாரான்னு கேக்கணும், பேங்க்காரன் அவனுக்கு ஏன் குடுக்கலைன்னு கேக்கணும். ஆனா அது நம்ம டீமு, அந்த ஜெர்சியைப் போட்டுக்கிட்டுத்தான் மகனைத் தோள்ல தூக்கிக்கிட்டு மேட்சுக்குப் போயிருக்கோம், அங்க போயி யாரு ஐந்தொகையைப் பொரட்டுவாக?

2022 மே மாசம் பாண்டு முதிர்வு, திருப்பிக் குடுக்க முடியல. அக்டோபர் 17ம் தேதி கிளப்பு திவால் நடவடிக்கைக்கு வச்ச நிர்வாகிக கைக்குப் போயி, அன்னிக்கே 167 பேருக்கு வேலை போச்சு. பெரிய ஆட்டக்காரவுக எங்கயாச்சும் போயிட்டாக, ஜாக் வில்லிஸ்ங்கற பையன் பிரான்ஸ்ல துலூஸ் டீமுக்கே போயிட்டான், பிட்ச் ரோலர் ஓட்டுன ஆளும் டிக்கெட் கவுண்டர்ல உக்காந்த பிள்ளையும் எந்த துலூசுக்குப் போறது? 3.5 கோடிக்கு ஈடா வச்ச ஸ்டேடியத்தை கடைசியில ஃப்ரேசர்ஸ் குரூப்ங்கற கடை கம்பெனி 1.7 கோடி பவுண்டுக்கு வாங்குச்சு. கணக்குத் தெரிஞ்சவுகளுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

சரி, நல்லா ஆடுனா பொழைச்சிருக்குமான்னா அதுவும் கிடையாது. லண்டன் ஐரிஷ்ங்கற கிளப்பு 2022-23 சீசன்ல முதல் டிவிசன் லீக்ல அஞ்சாவது இடம், 2023 ஜூன்ல அந்த லீக்கை விட்டே வெளிய. ஜெர்சி ரெட்ஸ்னு ஒரு குட்டித்தீவு டீமு, அதே சீசன்ல ரெண்டாவது டிவிசன் சாம்பியன், செப்டம்பர் முடியறதுக்குள்ள கடையைச் சாத்திட்டாக.

அப்ப கோளாறு எங்க? அப்ப லீக்ல சொந்த ஊரு மேட்சு வருசத்துக்கு ஏறக்குறைய ஒரு டஜன்தான், மத்த நாளு பெரும்பாலும் ஸ்டேடியத்துல ரக்பி வரும்படி இல்ல. ஆனா ஆட்டக்காரன் சம்பளம் பன்னெண்டு மாசமும் ஓடுது. பத்தாததை முதலாளி தன் பையிலருந்து போட்டுக்கிட்டே இருப்பாரு, அவருக்கு மனசு மாறினாலோ காலம் ஆனாலோ அம்புட்டுதான். 2018 டிசம்பர்ல சிவிசின்னு ஒரு முதலீட்டு கம்பெனி 20 கோடி பவுண்டுக்கு மேல குடுத்து லீக் வருமானத்துல 27 சதவீதப் பங்கை வாங்குச்சு, கிளப்புகளுக்கு ரொக்கம் மொத்தமா கைக்கு வந்துச்சு, செலவாச்சு, ஆனா வருசா வருசம் வர்ற வரவுல அந்தப் பங்கு போனது போனதுதான். அப்பறம் கோவிட், கேட் வசூல் பூஜ்யம், அரசாங்கம் குடுத்ததும் பெரும்பகுதி கடனாத்தான் குடுத்துச்சு. கேட் வசூலு ஒரு பக்கமும் இந்தக் கடனெல்லாம் ஒரு பக்கமும் வச்சுப் பாத்தா, கூட்டம் கொஞ்சம் கூடக்குறைய வந்ததாலயா இது கவுந்துச்சு?

எனக்கு ஆத்திரம் வர்ற இடம் வேற. எங்க நகரத்தார் கோயில்ல கல்யாணமான ஒவ்வொரு புள்ளியும் (ஒரு குடும்பம்னா ஒரு புள்ளி) வரி குடுக்கும், குடுத்த புள்ளிக்கு கூட்டத்துல எந்திரிச்சு இந்தச் செலவு எதுக்குன்னு கேக்கற உரிமை உண்டு, கேட்டு சண்டையே வந்திருக்கு, ரெண்டு வருசம் பேச்சுவார்த்தை இல்லாம கிடந்தவுகளும் உண்டு, ஆனா கணக்கு வாசிக்காம விட்டதில்ல. அந்தக் கிளப்புகள்ல ரசிகன் டிக்கெட் வாங்குறான், ஜெர்சி வாங்குறான், பாண்டும் வாங்குறான், கிளப்பு நிலத்தை எந்தக் கம்பெனி பேர்ல மாத்துறாகன்னு கேக்க மட்டும் இடமே இல்ல. வூஸ்டர் விழுந்தப்பறம் பார்லிமெண்ட் கமிட்டி விசாரிச்சு 2023 ஜனவரியில அறிக்கை விட்டுச்சு, ரக்பி யூனியனையும் லீக்கையும் வெளுத்து வாங்கியிருந்தாக. எல்லாம் முடிஞ்சதுக்கு அப்பறம் ஆடிட்டு!

சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு எங்க செட்டிநாட்டு எம்.ஏ.சிதம்பரம் பேருதான் வச்சிருக்கு, ஆனா நிலம் அரசாங்கத்துது, கிரிக்கெட் சங்கம் குத்தகைக்குத்தான் வச்சிருக்கு. அதுலயும் வம்பு வழக்கெல்லாம் உண்டு, இல்லேங்கல, ஆனா நாளைக்கு ஒரு டீம் முதலாளி கடன்பட்டான்னா மைதானத்தை வித்துப்புட முடியாதுல்ல. ஸ்டேடியமும் டீமும் ஒரே ஆளு கையில இருந்து, அதை வச்சே கடனும் வாங்கலாம்னா விளங்குமா?

ரசிகர்கள்கிட்டயும் எனக்கு ஒரு குறை இருக்கு. ஒவ்வொரு தடவை கிளப்பு தள்ளாடும்போதும் அவுக முதல்ல கேக்கறது வேற யாராச்சும் பணக்காரன் வருவானாங்கறதுதான். வேல்ஸ்ல கார்டிஃப் கிளப்பு 2025 ஏப்ரல்ல விழுந்துச்சு, வேல்ஸ் யூனியனே எடுத்துக்கிட்டாக. அன்னிக்கு வூஸ்டர்கிட்ட தோத்த அதே நியூகாசிலும் பணமில்லாம திண்டாடி 2025 ஆகஸ்ட்ல ரெட்புல் கம்பெனி வாங்கிருச்சு, ஃபால்கன்ஸ்ங்கற பேரே போயி இப்ப நியூகாசில் ரெட்புல்ஸ். மாப்பிள்ளைகிட்ட போன்ல இதைச் சொல்லி சங்கடப்பட்டேன், "மாமா, நீங்க பேருக்கு வருத்தப்படுறீக, எங்களுக்கு டீமே இல்ல, எந்தப் பேரா இருந்தா என்ன"ன்னாக. அவுக சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வூஸ்டராச்சும் மூணு வருசம் கழிச்சு 2025-26 சீசன்ல ரெண்டாவது டிவிசன்ல சிக்ஸ்வேஸ்லயே திரும்ப இறங்கிருச்சு, கவெண்ட்ரிக்கு வாஸ்ப்ஸ் திரும்பல. அங்க கால்பந்து கிளப்புகளைக் கண்காணிக்க 2025ல தனிச் சட்டமே வந்துருச்சு, ரக்பி அதுல சேத்தி இல்ல, ரக்பி ரசிகர்க அதைக் கேட்டு வாங்கறதை விட்டுப்புட்டு அடுத்த முதலாளிக்கு மாலை கட்டிக்கிட்டு இருக்கறது எனக்குப் புரியல.

இதெல்லாம் சீமைக் கதைன்னு ஒதுக்க வேணாம். 2025 ஜூன்ல மும்பையில ஆறு டீமோட ரக்பி பிரீமியர் லீக்குன்னு ஆரம்பிச்சு, முதல் வருசமே சென்னை புல்ஸ்தான் கப்பு அடிச்சுச்சு, அதை நீங்களும் போட்டோவோட போட்டிருந்தீக, சந்தோசம். அடுத்து போடும்போது போட்டோ பக்கத்துலயே அந்த டீம்ல பணம் போடறது யாரு, ஆட்டக்காரன் சம்பளம் எதுலருந்து வருது, லீக் ஒரு வருசம் நடக்காமப் போனா அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடுங்கறதையும் விசாரிச்சு ஒரு பத்தி போடுங்க. கபடி லீக்குக்கும் இதே மாதிரி போடுங்க. வாலிபால் லீக்கெல்லாம் இங்க ஆரம்பிச்சு நின்னது உங்க விளையாட்டு நிருபருக்கே தெரியும்.

அந்த ஞாயித்துக்கிழமைக் கட்டத்துக்கு ஒரு திருத்தமும் போட்டீகன்னா நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
செக்காலை, காரைக்குடி.