பாதி விலகல் யாருக்கும் உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தள்ளாத வயதில் இருக்கும் மன்னர்கள் பொது நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொண்டால் போதும், முடி துறக்க வேண்டியதில்லை என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், முதியவர்கள் மேல் உள்ள பரிவு வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் அந்தப் பரிவே கட்டுரையாளரின் கண்ணை மறைத்துவிட்டதோ என்று தோன்றுகிறது. விலகுவதென்றால் முழுதாக விலக வேண்டும், எந்த வயதில் என்பதையும் முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பட்டம் ஒருவரிடம், வேலை இன்னொருவரிடம் என்பது, வண்டியை ஒருவர் ஓட்ட உரிமம் இன்னொருவர் பையில் இருப்பது மாதிரி. வண்டி ஒழுங்காக ஓடும்வரை யாரும் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் எலிசபெத்தின் கடைசி ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே 10 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்க அவரால் வர முடியவில்லை. எழுபது ஆண்டுகளில் அந்தச் சடங்குக்கு அவர் வராமல் போனது அதற்கு முன் இரண்டே முறை, 1959லும் 1963லும், இரண்டு தடவையும் பிள்ளைத்தாய்ச்சி. இந்த முறை நடமாட்டத்தில் அவ்வப்போது சிரமம் என்று அரண்மனை சொன்னது. மகன் சார்லஸ் வந்து உரையைப் படித்தார், கிரீடம் மட்டும் ஒரு சிறு மெத்தையில் ஏறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அப்புறம் செப்டம்பர் 6. பால்மோரல் மாளிகையில் கைத்தடியோடு நின்றபடி லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக நியமித்தார். அந்தப் புகைப்படத்தில் அவருடைய புறங்கை கன்றிக் கருநீலமாகத் தெரிந்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் மாலை நடக்க வேண்டிய, அரசியின் ஆலோசனை சபையான பிரிவி கவுன்சிலின் கூட்டம், மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னதால் தள்ளிப்போனது. 8ஆம் தேதி இறந்துவிட்டார், வயது 96.

இதைக் கடமையின் சிகரம் என்று எழுதித் தள்ளினார்கள். அவர் மேல் எனக்கும் மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மூதாட்டி எழுந்து நின்று கைகுலுக்கித்தான் ஒரு நாட்டுக்குப் பிரதமர் வர வேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டைப் பாராட்ட என்ன இருக்கிறது? அவருடைய கணவர் பிலிப் 2017இல் பொதுப்பணிகளிலிருந்து ஓய்வு பெற்றார், அப்போது அவருக்கும் 96தான். யாரும் முகம் சுளிக்கவில்லை. மனைவிக்கு மட்டும் அந்த வாசல் திறக்கவில்லை.

சத்தியம் செய்தவர் பாதியில் இறங்கலாமா என்று கேட்பார்கள். 1947இல், 21ஆவது பிறந்தநாளன்று, ஆயுள் நீண்டதாக இருந்தாலும் குறுகியதாக இருந்தாலும் அது முழுவதும் உங்கள் சேவைக்கே என்று கேப் டவுனிலிருந்து வானொலியில் சொன்னவர் அவர். நார்வே மன்னர் ஐந்தாம் ஹரால்டும் இதே கட்சி. பக்கத்து நாடான டென்மார்க்கின் அரசி முடி துறந்ததை ஒட்டி 2024 ஜனவரியில் அவரிடம் கேட்டபோது, நாடாளுமன்றத்தில் தான் எடுத்த உறுதிமொழி ஆயுளுக்கும் சேர்த்துத்தான் என்றார். அடுத்த மாதமே மலேசியாவின் லங்காவித் தீவில் விடுமுறையில் இருந்தவர் நோயில் விழுந்து, அங்கேயே தற்காலிக பேஸ்மேக்கர் பொருத்தி, விமானத்தில் நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. 87 வயதில் இதெல்லாம் அலைச்சல் இல்லையா? ஏப்ரலில், இனி நிகழ்ச்சிகள் நிரந்தரமாகக் குறையும் என்று அரண்மனை அறிவித்தது. சரி, வாக்கு வாக்குதான். ஆனால் வாக்கு கொடுத்தது சேவை செய்வதாகத்தானே? உடம்பு இடம் கொடுக்காதபோது வேலையை ஒழுங்காகக் கைமாற்றி விடுவதும் சேவையில் சேராதா? ஹரால்டை விடுங்கள், சாகும்வரை நாற்காலியில் இருப்பேன் என்று எலிசபெத் அந்த வானொலிப் பேச்சில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை, அது நாமாகக் கொடுத்துக்கொண்ட விளக்கம்.

நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொள்ளலாமே என்ற யோசனைக்கு மிகக் கூர்மையான மறுப்பைச் சொன்னவர் ஒரு பேரரசரே. ஜப்பானின் அகிஹிட்டோ. 2016 ஆகஸ்ட் 8 அன்று ஒரு காணொளியில் மக்களிடம் பேசினார். அப்போது அவருக்கு 82 வயது, புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இதயத்துக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட உடம்பு. அந்நாட்டு அரசியலமைப்பின்படி அவருக்கு ஆட்சி அதிகாரம் எதுவும் கிடையாது, அரசியல் பேசவும் கூடாது. பதவி விலகல் சட்டத் திருத்தம் சம்பந்தப்பட்டது என்பதால் 'விலக விரும்புகிறேன்' என்றுகூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆக, பத்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பேசி, சொல்லாமல் சொன்னார். பணிகளைக் குறைத்துக்கொண்டே போவதற்கு ஒரு எல்லை இருக்கிறது, தன் இடத்தில் வேறொருவரைப் பொறுப்பாக வைத்தாலும், செய்ய வேண்டியதைச் செய்ய முடியாத ஒருவர் கடைசி மூச்சுவரை பேரரசராக நீடிப்பார் என்ற நிலைமை மாறாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கட்டுரையாளரின் யோசனை இந்த இரண்டு வரியில் அடிபட்டுப் போகிறது.

அவர் சும்மா சொல்லவில்லை, பட்டு உணர்ந்து சொன்னார். அப்பா ஹிரோஹிட்டோ 1988 செப்டம்பரில் படுத்த படுக்கையானார், இறந்தது 1989 ஜனவரி 7. அந்த மாதங்களில் நாடு முழுக்கத் திருவிழாக்கள் ரத்தாயின, விளம்பரங்களில் சிரிப்புக்கூட அடங்கிப்போனது, தினமும் செய்தியில் அவருடைய உடல்வெப்பம் எவ்வளவு, எவ்வளவு ரத்தம் ஏற்றினார்கள் என்ற கணக்கு. ஒரு மனிதர் சாவதற்காக ஒரு தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இறந்தபிறகும் ஓய்வில்லை, துக்கச் சடங்குகள் ஏறக்குறைய ஓராண்டு நீள, அதே நேரத்தில் புதியவரின் பட்டமேற்புச் சடங்குகளும் நடக்க, இரண்டையும் ஒரே குடும்பம்தான் தாங்கியது. இதை இன்னொரு முறை என் பிள்ளைகள் தலையில் கட்டவேண்டுமா என்ற கவலை அந்த உரையில் தெரிந்தது. 2017இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, 2019 ஏப்ரல் 30 அன்று விலகினார். இருநூறு ஆண்டுகளில், அதாவது 1817க்குப் பிறகு, விலகிய முதல் பேரரசர். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள், அந்தச் சட்டம் அவர் ஒருவருக்கு மட்டும்தான். இப்போதைய பேரரசர் நருஹிட்டோவுக்கு முதுமை வந்தால் அவரும் இன்னொரு காணொளியில் சுற்றி வளைத்துத்தான் பேச வேண்டும்.

இதற்கு நேர்மாறாக ஒரு காட்சி. டென்மார்க் அரசி இரண்டாம் மார்கரெத்தே, தானும் கடைசிவரை இருப்பேன் என்று சொல்லிவந்தவர்தான். 2023இல் முதுகில் பெரிய அறுவை சிகிச்சை. அந்த ஆண்டின் கடைசி நாள் மாலை, வழக்கமான புத்தாண்டு உரையின் நடுவில், விலகப்போகிறேன் என்று போட்டு உடைத்தார். இரண்டே வாரம். 2024 ஜனவரி 14 அன்று அமைச்சரவை அமர்ந்திருந்த மேசையில் கையெழுத்துப் போட்டார், எழுந்தார், தன் இருக்கையை மகனுக்கு விட்டார், கடவுள் மன்னரைக் காப்பாராக என்று சொல்லிவிட்டு அறையை விட்டு நடந்து போனார். ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளில் அந்த நாட்டில் தானாக முடி துறந்தவர் வேறு யாரும் இல்லை. வானம் இடிந்தா விழுந்தது? வெளியே சதுக்கத்தில் ஜனங்கள் கூடிப் புது மன்னரைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். நெதர்லாந்தில் 1948, 1980, 2013 என்று தொடர்ந்து மூன்று அரசிகள் விலகியிருக்கிறார்கள், அங்கே அது ஒரு செய்தியே இல்லை என்கிற அளவுக்குப் பழகிவிட்டது. நம் பக்கமும் இது புதுசு அல்ல. ராஜராஜன் இறந்தது 1014இல், ஆனால் 1012லேயே ராஜேந்திரனுக்குப் பட்டம் கட்டிவிட்டார். ராஜேந்திரனும் 1018இல் தன் மகன் ராஜாதிராஜனுக்கு அப்படியே செய்தார். அது முழு விலகல் இல்லைதான், ஆனாலும் அடுத்தது யார், எப்போது என்ற கேள்வி அங்கே மிச்சமில்லை.

சரி, வயதைச் சட்டத்தில் போடலாமா என்றால், பூட்டானில் போட்டிருக்கிறார்கள். 2008 அரசியலமைப்பின்படி 65 வயதில் மன்னர் இறங்கியாக வேண்டும். அந்த அரசியலமைப்பை எழுதவைத்த நான்காவது மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக், 65 வரைகூடக் காத்திருக்கவில்லை, 2006இல் 51 வயதிலேயே மகனிடம் கொடுத்துவிட்டார். இப்போதைய மன்னர் 1980இல் பிறந்தவர், 2045இல் அவருடைய முறை. அவருக்கும் தெரியும், மக்களுக்கும் தெரியும். 65இல் ஒருவர் தெம்பாக இருக்கலாம், 90இலும் சிலருக்குப் புத்தி பளிச்சென்று இருக்கும் என்பது உண்மைதான். எந்த எண்ணை எழுதினாலும் அது கொஞ்சம் அநியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எண் இல்லாவிட்டால், 'ஐயா, போதும்' என்று யாராவது சொல்ல வேண்டும். அதை யார் சொல்வது? மகன் சொன்னால் பதவி ஆசை என்பார்கள், பிரதமர் சொன்னால் சதி என்பார்கள், மருத்துவர் சொல்ல மாட்டார்.

மருத்துவர் என்றதும் ஞாபகம் வருகிறது, பத்திரிகைக்காரரான உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். 1936 ஜனவரி 20 இரவு, சாகக் கிடந்த பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு அவருடைய மருத்துவர் டாசன் பிரபு மார்ஃபினும் கொக்கெய்னும் ஊசியில் ஏற்றி முடிவை விரைவுபடுத்தினார். அவர் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து ஐம்பது ஆண்டு கழித்து, 1986இல்தான் இது வெளியே வந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, மரணச் செய்தி மாலைப் பத்திரிகைகளில் வராமல் காலைப் பத்திரிகைகளில் முதலில் வர வேண்டும் என்பது! மன்னரின் உடம்பு மன்னருடையது இல்லாமல் போகும்போது சுற்றியிருப்பவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தாய்லாந்து மன்னர் பூமிபோல் 2009இலிருந்து பல ஆண்டுகளைச் சிரிராஜ் மருத்துவமனையிலேயே கழித்தார், 2016இல் இறந்தார். 2009 அக்டோபரில் அவர் உடல்நிலை பற்றிய வதந்தியில் பாங்காக் பங்குச் சந்தை சரிந்தது, வதந்தி பரப்பியதாகச் சிலரைக் கைதும் செய்தார்கள். குவைத்தில் 2006 ஜனவரியில் அமீராக வந்த ஷேக் சாத், பதவிப்பிரமாணத்தின் சில வரிகளைக்கூடச் சொல்ல முடியுமா என்ற சந்தேகம் எழுகிற அளவுக்கு நோயாளி. ஒன்பதே நாளில் நாடாளுமன்றம் வாக்கெடுத்து அவரை இறக்கிவிட்டது. விதி தெளிவாக இல்லாத இடத்தில் ஒன்று இப்படி மூடி மறைப்பது, இல்லையென்றால் அப்படி அவமானப்படுத்துவது. மன்னர் கையில் உண்மையான அதிகாரம் இருக்கும் நாடுகளில் இன்னும் ஆபத்து, அங்கே 'பணிகளைக் குறைத்துக்கொண்டார்' என்றால் ஆட்சி சத்தமில்லாமல் வேறு கைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

பிரிட்டனுக்கே திரும்ப வருவோம், கட்டுரையாளர் அங்கே எல்லாம் சட்டப்படி சரியாக இருப்பதாகச் சொல்கிறார். 1937ஆம் ஆண்டு ரீஜென்சி (பதில் ஆட்சி) சட்டப்படி மன்னரால் முடியாதபோது அவருக்குப் பதிலாகச் செயல்பட ஆலோசகர்கள் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் எப்படி இருந்தது? நாட்டை விட்டுப் போய்விட்ட சார்லஸின் இளைய மகன் ஹாரியும், பொதுப்பணிகளிலிருந்து ஒதுக்கப்பட்ட தம்பி ஆண்ட்ரூவும் அதில் இருந்தார்கள். அவர்களை நீக்கவும் மனம் வராமல், 2022 டிசம்பரில் அவசரமாக ஒரு சட்டம் போட்டு சார்லஸின் தங்கை ஆன், இன்னொரு தம்பி எட்வர்டு இருவரையும் கூடுதலாகச் சேர்த்தார்கள். மன்னரால் முற்றிலும் முடியாது என்று அறிவிக்க வேண்டுமானால் அவருடைய மனைவி அல்லது கணவர், லார்டு சான்சலர் என்ற மூத்த அமைச்சர், சபாநாயகர், இரண்டு மூத்த நீதிபதிகள் ஆகிய ஐவரில் மூவராவது எழுத்தில் சொல்ல வேண்டும். 'எனக்கு முடியவில்லை' என்று மன்னரே சொல்லி இறங்க அதில் வழியில்லை. இறங்க வேண்டுமென்றால் 1936இல் எட்டாம் எட்வர்டுக்குப் போட்ட மாதிரி தனிச் சட்டம்தான், போதாததற்கு பிரிட்டிஷ் மன்னரையே தங்கள் அரசராகக் கொண்ட மற்ற பதினான்கு நாடுகளையும் கேட்டாக வேண்டும்.

சார்லஸ் பட்டத்துக்கு வந்தபோதே 73 வயது, 2024 பிப்ரவரியில் புற்றுநோய் என்று அறிவிப்பு, ஏப்ரல் கடைசியில் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். அவரை இப்போது இறங்கச் சொல்லிச் சட்டம் போட்டால் அது அசிங்கமாகத்தான் இருக்கும், நோயாளியைத் தள்ளிவிட்டார்கள் என்று பேச்சு வரும். அதனால் அவரை விட்டுவிடலாம். அவருடைய மூத்த மகன் வில்லியமுக்கு 2057இல் 75 ஆகிறது. வில்லியம் முடி சூடுவதற்கு முன்பே விலகும் வயது 75 என்று எழுதிவிட்டால் அது யார் முதுகிலும் குத்தியதாக ஆகாது, அவரும் படித்துப் பார்த்துவிட்டே நாற்காலியில் உட்காரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்