காவிரிக் குழாய் போகாத இடத்தில் குடியிருப்பு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 65 லட்சமாகவும் 2011இல் 96 லட்சமாகவும் இருந்தது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆனால் நகரின் விளிம்பில் ராகி வயல்களும் ஏரிக்கரைகளும் மனைகளாக மாறுவது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம் தாத்தா பாட்டிமாரும் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள்தாம். வருகிறவர்களுக்கு வீடுகளை எங்கே கட்டுவது என்பதே கேள்வி.

2007இல் மாநகராட்சியோடு 110 கிராமங்கள் இணைக்கப்பட்டன. அடுக்குமாடிகள் உடனே எழுந்துவிட்டன. ஆனால் அந்தக் கிராமங்களுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் நீர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இடைப்பட்ட 17 ஆண்டுகளும் அங்கிருந்தவர்களுக்கு ஆழ்துளைக் கிணறும் டேங்கருமே கதி. 2024 கோடையில் வர்த்தூர்ப் பக்கம் குடியிருக்கும் என் மகளின் அடுக்குமாடியில் கிணறு வற்றியது. டேங்கர் வரும் நேரத்துக்காக அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்து எடுத்துச் சலித்துப்போய், கடைசியில் கைக்குழந்தையோடு அல்சூரில் எங்கள் வீட்டுக்கே வந்து மூன்று வாரம் தங்கினாள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டைப் பூட்டிவிட்டு வருவது எவ்வளவு வேதனை என்பதை நான் கண்ணால் கண்டேன்.

சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றிக் கொண்டுவரப்படும் தண்ணீரைக் குடிக்கும் ஊர் இது. அந்தக் குழாயை இன்னும் வெளியே, இன்னும் வெளியே என்று இழுத்துக்கொண்டே போக முடியாது. ஆகவே காவிரி இணைப்பும் கழிவுநீர்க் குழாயும் வந்து சேராத எந்த லேஅவுட்டுக்கும் அரசு அனுமதி தரக் கூடாது. ஏரிகளை இணைக்கும் பெரிய மழைநீர் வடிகாலான ராஜகால்வாயின் மேல் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர் பகுதி பார்த்துவிட்டது.

குழாயும் சாலையும் ரயிலும் ஏற்கெனவே இருக்கும் இடங்களில்தான் புதிய வீடுகள் வர வேண்டும். மெட்ரோ நிலையங்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில் கூடுதல் மாடிகளுக்கு இசைவு தரலாம். ஆனால் அங்கே கட்டப்படுபவை பெரும்பாலும் நடுத்தரக் குடும்பமும் தொழிலாளியும் வாங்கக்கூடிய சிறு வீடுகளாக இருக்க வேண்டும். புறநகர் ரயிலுக்காகத் திட்டமிட்ட 148 கிலோமீட்டர் தடத்தை விரைந்து முடித்தால், அதன் நிலையங்களைச் சுற்றியும் இதே முறையில் குடியிருப்புகளை அமைக்கலாம்.

இதில் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. அல்சூர், ஸ்ரீராம்புரம் போன்ற பழைய பகுதிகளில் இருபதுக்கு முப்பது மனையில் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு வாழ்கின்றன. உயரக் கட்ட இசைவு கிடைத்தவுடன் முதலில் வெளியேற்றப்படுபவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். வீட்டுவேலைக்கும் பூ விற்கவும் போகிறவர்கள் தினமும் இரண்டு பேருந்து மாறி வர நேரிடும். எனவே எழும் வீடுகளில் ஒரு பங்கை அதே தெருவில் குடியிருந்தவர்களுக்கு, அவர்களால் கொடுக்க முடிந்த வாடகைக்கே ஒதுக்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதிவைக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு