வெள்ளையாக இருந்தால் பண்ணைக் கோழியா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள எங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நம் வளாகத்தில் திரியும் வெள்ளை வான்கோழியைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று கணினிதான் பதில் போட்டது. குழுவில் ஐந்து பேரில் மூன்று பேர் தமிழர்கள். தமிழில் எழுதினால் மனிதர் யாராவது படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இந்த மடல்.

அக்டோபரில் அந்தச் சனிக்கிழமை நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. "தப்பி வந்த பண்ணை வான்கோழி ஒன்று வளாகத்தில் திரிகிறது, அது அகற்றப்படும்" என்று அறிவிப்பு ஒட்டியதும் நீங்கள், வலையும் கூண்டுமாக ஆளை அனுப்பியதும் நீங்கள். அவர் அதைக் குளத்தோரம் மடக்கியதும் அது என்ன செய்தது? இரண்டு மாடி வீட்டின் கூரைக்கு மேலே எழும்பி, அந்தப் பக்கத்துப் பைன் மரத்தில் போய் உட்கார்ந்தது. பண்ணை வெள்ளை வான்கோழி இப்படிப் பறக்குமா? நெஞ்சுக்கறிக்காகவே மனிதன் பெருக்கிய இனம் அது. தன் உடம்பைத் தானே தூக்க முடியாது. சேவலால் பெட்டையோடு இணையக்கூட முடியாமல், ஊசி போட்டுத்தான் கரு பிடிக்க வைக்கிறார்கள். கூரையைத் தாண்டிப் பறந்த பிறகும் அறிவிப்பு அப்படியே ஒட்டியிருக்கிறது.

காட்டு வான்கோழியிலும் இப்படி ஒரு நிறம் உண்டு என்று நான் சொன்னபோது, "வெள்ளைக் காக்கா பறக்குதுன்னு சொல்றீங்களே" என்று சிரித்தீர்கள், செயலாளர் சார். வெள்ளைக் காக்காயும் உண்டு என்பது இருக்கட்டும். தூரத்தில் பார்த்தால்தான் அந்தப் பெட்டை வெள்ளை. கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் வேட்டிக்குக் கரை போட்டது போலக் கருஞ்சாம்பல் கோடு ஓடும். இந்த ஊர் வேட்டைக்காரர்கள் இதைப் புகை நிறம் என்பார்கள். நிறம் மாறிப் பிறக்கும் காட்டு வான்கோழிகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான், அதுவும் பெரும்பாலும் பெட்டைகளில். முழுக் கறுப்பாகப் பிறப்பதும் உண்டு, செம்மண் நிறத்தில் பிறப்பது இன்னும் அபூர்வம். நிறமே இல்லாமல் பிறந்தால் கண் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் பெட்டையின் கண் கறுப்பு.

கோடையில் அது ஏழு குஞ்சுகளோடு புல்வெளியில் மேய்ந்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள். ஏழும் பழுப்பு. இது காட்டு வான்கோழியின் நிறம்தான் என்றால் ஒரு குஞ்சாவது அதே நிறத்தில் இருக்க வேண்டாமா என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் உண்டு. இந்தச் சாம்பல் நிறம் ஒடுங்கிக் கிடக்கும் மரபணுவில் வருவது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். சேவலிடம் அது இல்லாவிட்டால் குஞ்சுகள் எல்லாம் பழுப்புதான். இதன் பாட்டன் எவனாவது பண்ணை வேலியைத் தாண்டிப் போய்வந்தவன் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக, காட்டில் பிறந்து, மரத்தில் அடைந்து, கூட்டத்தோடு திரிகிற பறவை பண்ணைக் கோழி ஆகிவிடுமா?

மரபணு தெரியாத என் அம்மா இதை இரண்டாவது நாளே சொல்லிவிட்டார். ஆறு மாத விசாவில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் கோழி வளர்த்தவர். "ஒரே அடையில வச்ச முட்டையில நாலு நிறத்துல குஞ்சு வரும். அதுக்காக வெள்ளைக் குஞ்சை அடுத்த வீட்டுக்காரியுதுன்னு தூக்கிக் குடுத்துருவோமா?" என்றார். நாங்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, கதவைச் சாத்திய வீட்டில் அவருக்கு இருந்த ஒரே துணை அந்த வான்கோழிக் கூட்டம்தான். காலை எட்டரைக்கு டீயோடு சமையலறை ஜன்னலுக்கு வந்துவிடுவார். சாயங்காலம் நான் வந்ததும் இன்று சேவல் யாரை விரட்டியது, எந்தக் குஞ்சு நொண்டுகிறது என்று அத்தனையும் சொல்வார். அரிசி போடக் கூடாது, மனிதனுக்குப் பழகினால் அவற்றுக்குத்தான் கெடுதல் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. வலைக்காரர் வந்த நாளிலிருந்து கூட்டம் இந்தப் பக்கமே வருவதில்லை. அம்மா இன்னும் எட்டரைக்கு டீயோடு ஜன்னலில் நிற்கிறார். ஊரில் யாரோ கேட்டதற்கு, "இங்க எல்லாம் சவுரியந்தான், பேச்சுக்கு ஆள் இல்ல" என்று போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

அறிவிப்பில் உள்ள ஒரு சொல்லுக்காக ஏன் இத்தனை பேச்சு என்றால், அந்தப் பறவைக்கு இருக்கும் சட்டக் காவலையே அந்தச் சொல் பறித்துவிடுகிறது. காட்டுப் பறவை என்றால் நீங்கள் கைவைக்க முடியாது. பிடித்துக்கொண்டு போய் வேறு இடத்தில் விடுவதும் மாசசூசெட்ஸில் சட்டவிரோதம். பண்ணைக் கோழி என்று எழுதிவிட்டால் யார் வேண்டுமானாலும் வலை வீசலாம்! இந்த மாநிலத்தின் கடைசிக் காட்டு வான்கோழி 1851-இல் மவுண்ட் டாம் மலையில் சுடப்பட்டது. அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல் இங்கே நிலைத்துப் பெருகிய கூட்டம் இல்லை. 1972, 73-இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து பெர்க்‌ஷயர் மலையில் விட்டார்கள். இன்று 30,000-க்கும் மேல் இருக்கின்றன. அத்தனை பாடுபட்டுத் திரும்பி வந்ததை ஓர் அறிவிப்புத் தாளில் அகற்றப் பார்க்கிறோம்.

உங்கள் சிரமமும் எனக்குப் புரிகிறது. வீட்டுக் கதவுக்கு அனுமதிக்கப்பட்ட நிறங்கள் ஐந்து, வேலிக்கு இரண்டு, தபால் பெட்டிக்கு ஒன்று. மஞ்சள் கதவுக்கு அபராதம் போட்டீர்கள். பொங்கலன்று வாசலில் போட்ட கோலத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தப் பட்டியலில் வான்கோழிக்கும் ஒரு வரி சேர்த்துவிட்டால் பறவைகளாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளும். நவம்பர் நான்காம் வியாழக்கிழமை, நன்றி நவிலும் திருநாளன்று (தேங்ஸ்கிவிங்), நம் எல்லார் வீட்டு அடுப்பிலும் வேகப் போவது அசல் பண்ணை வெள்ளைதான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததைவிட்டு எங்கோ போய்விட்டேன். இல்லினாய் மாநிலத்து ஓல்னி ஊரில் வெள்ளை அணில் சாலையைக் கடந்தால் வண்டிகள் வழிவிட வேண்டும் என்று விதியே உண்டு. நான் அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அது காட்டு வான்கோழிதான் என்று எழுத்தில் போடுங்கள். இனி எந்தப் பறவை மீதும் ஆளை ஏவும் முன் மாநில வனவிலங்குத் துறையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அறிவிப்பைத் திரும்பப் பெறுவதற்குச் சங்கத்துக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை.

அம்மாவுக்கு டிசம்பர் முதல் வாரம் விமானம். அதனால் நவம்பர் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். உதிர்ந்த இலைகளைக் கூட்டுவது பற்றிய வழக்கமான ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு வைத்தாலும் சரி, காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குளத்தை அடுத்த மூன்றாவது வீட்டுக்காரன்