சயின்ஸ் ஃபிக்‌ஷன் படமும் செக் பண்ற ஆளும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள்ல இருந்து வாழ்க்கைக்கு என்ன கத்துக்கலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. தன்னம்பிக்கை, விடாமுயற்சி, அப்பா பாசம்... அதெல்லாம் சரி சார், ஆனா அத எந்த குடும்பப் படத்துக்கும் எழுதலாமே, அதுக்கு எதுக்கு ராக்கெட்டு? நான் சென்னை பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டுல கோச் மெயின்டனன்ஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், என் கண்ணுல பட்டது வேற. முக்காவாசி படத்துல மெஷின் தானா கெடறதே இல்ல, யாரோ செக் பண்ணாம வுட்டிருப்பாங்க, இல்லன்னா செக் பண்ணணும்னு சொன்னவன் வாய அடைச்சிருப்பாங்க.

தி மார்ஷியன் (2015) எடுத்துக்கோங்க. செவ்வாய் கிரகத்துல தனியா மாட்டுனவன் உருளைக்கிழங்கு போட்டு பொழைச்சான்னு எல்லாரும் அதையே சொல்றாங்க, நீங்களும் அதத்தான் போட்டிருக்கீங்க. அவனுக்கு சாப்பாடு அனுப்ப நாசாகாரங்க ஒரு ராக்கெட் ரெடி பண்ணுவாங்களே, நாள் பத்தலன்னு கடைசி இன்ஸ்பெக்‌ஷன வேணாம்னு தள்ளிட்டு ஏத்திடுவாங்க, கிளம்புன கொஞ்ச நேரத்துல அது மேலயே வெடிச்சு சிதறிடும். அந்த சீன்ல எனக்கு வயித்த கலக்கிடுச்சு. நைட் ஷிஃப்ட்ல பிட் லைன்ல, அதான் வண்டிக்கு அடியில நின்னு பாக்கறதுக்குன்னு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல, குனிஞ்சு டார்ச் அடிச்சு பிரேக் பிளாக், ஸ்பிரிங்கு, போல்ட்டுன்னு ஒவ்வொண்ணா பாத்துட்டு வரும்போது மேல இருந்து ஒரு குரல் வரும், "வண்டி லேட்டாவுது, வுடுப்பா"ன்னு. வுட மாட்டோம். பிரேக் பவர் சர்டிபிகேட்டுன்னு ஒரு பேப்பர் இருக்கு, அதுல எங்க டிபார்ட்மென்ட் ஆளு, டிரைவரு, கார்டு எல்லாரும் கையெழுத்து போடணும், அதுக்கப்புறம்தான் வண்டி. இட்லி பொட்டலத்தோட ஏறி உக்கார்ற பயணிக்கு அப்படி ஒரு பேப்பர் இருக்கறதே தெரியாது, தெரியவும் வேணாம்.

இன்டர்ஸ்டெல்லர் (2014) படத்துலயும் இதே கதைதான், கொஞ்சம் நுணுக்கமா இருக்கும். அந்த தண்ணி கிரகத்துல ஒரு மணி நேரம்னா பூமியில 7 வருஷம். முன்னாடி போய் இறங்குன ஒரு விஞ்ஞானி அம்மாகிட்ட இருந்து வருஷக்கணக்கா ஓகே ஓகேன்னு சிக்னல் வந்துட்டு இருக்கேன்னு நம்பி ஹீரோ டீம் இறங்குவாங்க. பாத்தா அந்தம்மா அங்க இறங்கியே கொஞ்ச நேரம்தான் ஆயிருக்கும், ஆளும் செத்துப்போயிருக்கும், அந்த ஒரே சிக்னல்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கு! அந்த ஒரு தப்புல 23 வருஷம் போச்சு. மலை மாதிரி வர்ற அலையப் பாத்து தியேட்டரே வாயப் பொளந்துச்சு, நான் அந்த ஓகேயத்தான் நினைச்சுட்டு இருந்தேன். நம்ம ஊர் ஆபீஸ்ல எத்தனை பைல்ல போன வருஷ ஓகேயவே தேதி மட்டும் மாத்தி வச்சிருப்பாங்களோ.

எந்திரன் (2010) பத்தி நான் சொன்னா வீட்ல பேரப்பசங்க சண்டைக்கு வருவானுங்க. வசீகரன் செஞ்ச ரோபோ சிட்டிய வேணாம்னு சொன்ன போராவ எல்லாரும் திட்டுனோம், வில்லன்தான், ஒத்துக்கறேன். ஆனா கமிட்டியில அவர் வச்ச டெஸ்ட்டுல என்ன தப்பு? கத்திய எடுத்து வசீகரனையே குத்துன்னு சொன்னா சிட்டி பாட்டுக்கு குத்த கிளம்பிடுது, இத ராணுவத்துக்கு எப்படி சார் குடுக்க முடியும்? பொறாமையில சொன்னாலும் குறை குறைதானே. அப்புறம் கோவத்துல வசீகரன் அத வெட்டி குப்பையில போட்டதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சாரு பாருங்க, அங்கதான் ரெண்டாவது தப்பு, குப்பைமேட்டுல இருந்தே எடுத்து நாசம் பண்ற சிவப்பு சிப்பு போட்டுட்டாங்க. கொடுங்கையூர்ல 300 ஏக்கருக்கு மேல குப்பைய பாத்துட்டு வாழற ஜனங்களுக்கு இது புதுசா என்ன, தூக்கிப் போட்டது எங்கயும் போகாதுன்னு அது தீப்பிடிச்சு புகையும்போதெல்லாம் மூக்கு சொல்லிடும்.

ஜுராசிக் பார்க் (1993) பத்தி ஒரே வரி, அங்க டைனோசர் மேல தப்பே இல்ல, மொத்த கம்ப்யூட்டரையும் சம்பளம் பத்தலன்னு பொருமிட்டு இருந்த ஒரே ஆள் கையில குடுத்துட்டு, அவன் ஆஃப் பண்ணா என்ன பண்றதுன்னு யாருமே யோசிக்கல.

இதெல்லாம் எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில போற அமோனியா குழாய் கசிஞ்சு ஜனங்க தூக்கத்துல எழுந்து கண் எரிய மூச்சு திணற குழந்தைங்கள தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்களே, அது படம் இல்ல சார். நிறைய பேர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அன்னிக்கு எந்தப் பக்கம் ஓடணும்னு எத்தனை பேருக்கு தெரிஞ்சிருக்கும்? காத்து வர்ற திசைக்கு குறுக்கால போகணும், அமோனியா தண்ணியில கரையும் அதனால ஈரத்துணிய மூக்குல வச்சுக்கணும், இத யாராச்சும் முன்னாடியே வீடு வீடா வந்து சொன்னாங்களா?

சட்டம் இல்லாம இல்ல. போபால் விஷவாயு விபத்துக்கு அப்புறம் 1989-ல ஆபத்தான கெமிக்கலுக்குன்னே விதி போட்டாங்க. பெரிய ஆபத்து உள்ள ஃபேக்டரின்னா உள்ளுக்குள்ள 6 மாசத்துக்கு ஒரு தடவ ஒத்திகை நடத்தணும், சுத்துப்பட்டு ஜனங்கள காப்பாத்துற பிளானுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் ஒத்திகை பாக்கணும், ஆபத்து வந்தா என்ன பண்ணணும்னு பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு தகவல் குடுக்கணும். எல்லாம் எழுத்துல பக்காவா இருக்கு.

அதனால ஒரு ரிக்வெஸ்ட். அடுத்த ஞாயித்துக்கிழமை இணைப்புல சினிமாவுக்கு பதிலா அரைப்பக்கம் ஒதுக்குங்க. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இந்த விதிக்குள்ள வர்ற ஃபேக்டரி எது எது, ஒவ்வொண்ணுலயும் கடைசியா ஒத்திகை நடந்த தேதி என்ன, சைரன் அடிச்சா எங்க போய் நிக்கணும்னு உங்க நிருபர விட்டு விசாரிச்சு போடுங்க. தேதி தர மாட்டேன்னு எவனாச்சும் சொன்னா, அதையும் பேரோட போடுங்க.

இப்படிக்கு,
ரிட்டயர்டு ரயில்வே ஊழியர்,
தண்டையார்பேட்டை