அஸ்ஸாயே: அம்புக்குறிகளில் தெரியாத படை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் போர்க்களத் தொடரில், 1803 செப்டம்பர் 23 அன்று தக்காணத்தில் கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்கும் மராத்தியப் படைக்கும் நடந்த அஸ்ஸாயே போரைப் பற்றிய பகுதி விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் 4,500 பேர் ஐம்பதாயிரம் பேரை வென்ற அதிசயம் என்று ஒரு வரியிலும், மராத்தியக் குதிரைப்படை கோழைத்தனத்தால் ஒதுங்கி நின்றது என்று இன்னொரு வரியிலும் கட்டுரையாளர் கதையை முடித்துவிட்டார். இரண்டு படைகளும் எப்படிக் கட்டப்பட்டிருந்தன என்று பார்த்தால் அதிசயமும் கோழைத்தனமும் தேவைப்படாது. சேலத்துக்காரர்களுக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. கும்பினிப் படையை நடத்திய ஜெனரல் ஆர்தர் வெல்லெஸ்லியின் காலாட்படையில் பெரும்பகுதி சென்னை ராஜதானிச் சிப்பாய்கள்தான்.

முதலில் கணக்கு. 1796 சீர்திருத்தத்துக்குப் பிறகு கும்பினியின் சென்னைப் படையில் ஒரு ரெஜிமென்ட்டுக்கு இரண்டு பட்டாலியன், ஒரு பட்டாலியனுக்குப் பத்துக் கம்பெனி. ஒவ்வொரு கம்பெனிக்கும் இந்திய அதிகாரிகளாக ஒரு சுபேதார், ஒரு ஜமேதார், அவர்களுக்குக் கீழே ஹவில்தார்கள், நாயக்குகள். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் சுபேதார் நேற்று வந்த வெள்ளைக்கார இளம் அதிகாரிக்குக் கீழேதான். (அஸ்ஸாயேக்கு மூன்றே ஆண்டு கழித்து, 1806இல், வேலூரில் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்ததன் காரணங்களில் இதையும் சேர்க்க வேண்டும்; அது வேறு கடிதத்துக்கான விஷயம்.) ஏட்டில் பட்டாலியன் ஒன்றுக்கு ஏறக்குறைய 900 பேர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வழிக்காவல் எல்லாம் போக, களத்தில் நிற்பவர்கள் இதைவிடக் கணிசமாகக் குறைவு.

600 பேர் இரண்டு வரிசையாக நின்றால் வரிசைக்கு 300 பேர். ஆளுக்கு 22 அங்குல இடம் என்று வைத்தால் 550 அடி நீளம். வரிசை முன்னேறும்போது ஆள் விழுந்தால், மற்றவர்கள் நடுவில் இருக்கும் கொடியை நோக்கி நெருங்கி இடைவெளியை அடைக்க வேண்டும். நூறு பேர் விழுந்தால் அந்த 550 அடி வரிசை ஏறக்குறைய 90 அடி சுருங்கிவிடும். பக்கத்துப் பட்டாலியனும் தன் கொடியை நோக்கிச் சுருங்குவதால் இரண்டுக்கும் நடுவே வெளி விழும். எதிரிக் குதிரைக்கு அதுதான் வாசல். வரைபடத்தில் அம்பு எவ்வளவு நேராகப் போனாலும் தரையில் வரிசை இப்படித்தான் கிழியும்.

துப்பாக்கியும் அப்படித்தான். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பிடிக்கும் அந்தக் கால மஸ்கட், பழகிய கையில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று குண்டு சுடும். நூறு கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிபார்ப்பது வீண். கல் தேய்ந்தாலோ மருந்து ஈரமானாலோ குழலில் கரி படிந்தாலோ சுடாது. அதனால்தான் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் சுட்டுவிட்டு, புகை கலைவதற்குள் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்வது வழக்கமாக இருந்தது.

இனி, கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாத விஷயம்: மாடு.

1799இல் திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட கும்பினிப் படை, ஏப்ரல் நடுவில் அரிசி இருப்பை எண்ணிப் பார்த்தபோது, சண்டை போடுபவர்களுக்கு மட்டும் பதினெட்டு நாளுக்குத்தான் இருந்தது. அதற்கான தானியம் நம் பக்கத்தில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. திப்புவோடு செய்த 1792 உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கும்பினி கைக்கு வந்துவிட்டன. கர்னல் ரீட் இங்கே திரட்டிய பொதிமாடுகள், இன்று மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டி இருக்கும் காவேரிபுரத்துக் கணவாய் வழியாக மேலேற வேண்டும். துணைக்குக் குதிரைப்படை அனுப்பி அழைத்துப்போயும், மே 4 அன்று கோட்டை விழுந்த பிறகுதான் அந்தப் பொதி முகாமைச் சேர்ந்தது. கோட்டை இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, பொதியும் வராமல் போயிருந்தால் முற்றுகையே ஆட்டம் கண்டிருக்கலாம். அந்தப் படையில் ஒரு பிரிவை நடத்தியவர் வெல்லெஸ்லி. நான்கு ஆண்டு கழித்துத் தக்காணத்துக்குப் புறப்பட்டபோது அவர் மாட்டுக் கணக்கில் காட்டிய பிடிவாதம் அங்கே கற்ற பாடம்தான்.

சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு சேர் அரிசி, அதாவது ஏறக்குறைய இரண்டு பவுண்டு. ஒரு பொதிமாடு 150 பவுண்டு சுமக்கும் என்று கொண்டால் 75 பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. பத்தாயிரம் பேருக்கு ஒரு மாத அரிசி என்றால் 4,000 மாடு. முகாமோடு வரும் வேலைக்காரர்கள், மாட்டுக்காரர்கள், பெண்டு பிள்ளைகள் இதில் சேரவில்லை. அவர்கள் எப்போதும் சிப்பாய்களைவிடப் பல மடங்கு. குதிரைகளுக்குக் கொள்ளு தனி, பீரங்கிக் குண்டு தனி, வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சாராயமும் ஆட்டிறைச்சியும் தனி.

இவ்வளவையும் கும்பினி தானே சுமக்கவில்லை. ரெஜிமென்ட் ஒவ்வொன்றோடும் ஒரு கடைத்தெரு நடந்தே வந்தது. சிப்பாய் தன் சம்பளத்தில் அங்கே வாங்கிக்கொள்வான். அந்தக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுவந்தவர்கள் பிரிஞ்சாரிகள், நம் ஊரில் லம்பாடிகள் என்று சொல்கிறோமே, அவர்கள். குடும்பத்தோடும் ஆயிரக்கணக்கான மாடுகளோடும் வருவார்கள். விலையும் பாதுகாப்பும் சரியாக இருந்தால்தான் வருவார்கள். கொள்ளையடிக்கும் படையை அண்டமாட்டார்கள். கடைத்தெருவில் சரக்கு தீர்ந்தால் மட்டுமே படையின் சொந்த அரிசியைத் தொடுவது என்பது விதி. பீரங்கி இழுக்க மைசூர் அம்ரித் மகால் மாடுகள். நம் ஆலம்பாடி, பருகூர் மாடுகளின் உறவுதான் அவை: ஒல்லி, வேகம், முரடு.

எங்கே கெடும்? மழையில் கரிசல் மண் குளம்பிடுக்கில் ஒட்டிப் புண்ணாகும். பொதி ஒரு பக்கம் சரிந்தால் முதுகு உரிந்துவிடும். உரிந்த மாடு வாரக்கணக்கில் சுமக்காது. 1803இல் தக்காணத்தில் பஞ்சம் வேறு; சோளத்தட்டை கிடைக்காமல் மாடு சாகும்போது அதன் மேலிருந்த பொதியை ஏற்ற வேறு மாடு இருக்காது.

இன்னொரு பொருளும் நமக்குப் பழக்கமானது. வெல்லெஸ்லி வேண்டுமென்றே மழைக்காலத்தில் படையெடுத்தார். ஆறுகள் நிரம்பியிருந்தால் மராத்தியக் குதிரை கடக்க முடியாது. தன்னிடம் மூங்கில் பின்னித் தோல் போர்த்திய பரிசல்கள் இருந்தால் தான் கடக்கலாம். ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிற அதே வகைப் பரிசல், அங்கே போர்த்தளவாடம்.

இப்போது செப்டம்பர் 23. காலையில் 14 மைல் நடந்து நௌல்னியாவை அடைந்த பிறகுதான், மராத்தியத் தலைவர்களான சிந்தியாவும் நாக்பூர் போன்ஸ்லேயும் ஆறே மைலில் இருப்பது தெரிந்தது. வேறு வழியில் வந்துகொண்டிருந்த கர்னல் ஸ்டீவன்சனின் கும்பினிப் படையோடு சேர்ந்து மறுநாள் தாக்குவது என்பது ஏற்பாடு. காத்திருக்காமல் வெல்லெஸ்லி கிளம்பினார். சுமைகளையும் மாடுகளையும் நௌல்னியாவில் விட்டு, அவற்றைக் காக்க ஒரு சிப்பாய்ப் பட்டாலியனையும் விட்டுப் போனார். கையில் இருந்த படையில் ஒரு பங்கு சண்டைக்கே வராததற்குக் காரணம் இதுதான். மாட்டை இழந்தால் வென்றாலும் பட்டினி.

நடுவே இருந்த கைத்னா ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறை இல்லை என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். பீப்பல்காவும் வரூரும் எதிரெதிர்க் கரையில் இருப்பதைப் பார்த்து, இரண்டு ஊருக்கும் நடுவில் ஆள் போகும் வழி இல்லாமல் இருக்காது என்று வெல்லெஸ்லி ஊகித்ததைக் கட்டுரையாளர் நன்றாக எழுதியிருக்கிறார். அதன்பின் நடந்ததைத்தான் விட்டுவிட்டார். பக்கவாட்டில் போய் அடிக்கலாம் என்று கடந்தவர்களுக்கு எதிரில், சிந்தியாவின் தளபதி போல்மன் தன் காலாட்படை முழுவதையும் முன்பு நின்ற வரிசைக்குச் செங்குத்தாகத் திருப்பி, கைத்னாவிலிருந்து ஜூவா ஆறுவரை புது வரிசை அமைத்துவிட்டார். பத்தாயிரம் பேரையும் நூறு பீரங்கியையும் எதிரி கண்முன்னே திருப்புவது, பயிற்சியில் ஊறிய படையால்தான் முடியும்.

கும்பினிப் படை இரண்டு காலாள் வரிசை, பின்னால் ஒரு குதிரை வரிசை என்று நின்றது. இடக்கோடியில் ஆற்றை ஒட்டி 78ஆம் ஸ்காட்லாந்து ரெஜிமென்ட். வலக்கோடியில் அன்றைய காவல் அணி. கவனிக்க வேண்டியது இந்தக் காவல் அணியை. ஒவ்வொரு பட்டாலியனிலிருந்தும் அரைக் கம்பெனி எடுத்து அன்றைய நாளுக்கு மட்டும் சேர்த்த கலவை அது. இரவுக் காவலுக்கும் படைக்கு முன்னே போய்ப் பார்ப்பதற்கும் சரியான ஏற்பாடு. ஆனால் வரிசையின் ஓரத்தில் நிற்பவர்கள்தான் மற்றவர்களுக்கு அளவுகோல். அதை நடத்திய கர்னல் ஆராக் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து, பீரங்கிகள் குவிந்திருந்த அஸ்ஸாயே கிராமத்தை நோக்கியே போய்விட்டார். பின்னால் வந்த 74ஆம் ரெஜிமென்ட்டும் அவரைத் தொடர்ந்தது. அந்த ரெஜிமென்ட்டின் அதிகாரிகளில் ஏறக்குறைய எல்லோரும் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். கர்னல் மேக்ஸ்வெல் குதிரைப்படையோடு பாய்ந்திராவிட்டால் மிஞ்சியவர்களும் தப்பியிருக்கமாட்டார்கள். பின்னால் வைத்திருக்க வேண்டிய குதிரை அங்கேயே செலவாகிவிட்டது. தனிமனிதர் மீது பழி போடுவதைவிட, ஒருநாள் கலவை அணியை ஓரத்தில் நிறுத்தியதைக் குறை சொல்வதே சரி என்று நினைக்கிறோம்.

கும்பினியின் பீரங்கிகள்? வழக்கமாகப் பட்டாலியனுக்கு இரண்டு ஆறு பவுண்டு பீரங்கி கூடவே போகும். எதிரியின் முதல் சரமாரியிலேயே மாடுகளும் ஓட்டிகளும் விழுந்தார்கள். நுகத்தில் ஒரு மாடு செத்தால் மொத்த ஏரும் நின்றுவிடும். செத்ததை அவிழ்ப்பதற்குள் அடுத்தது விழும். ஆகவே பீரங்கியை அங்கேயே விட்டுவிட்டுக் காலாட்படை முன்னேறியது. கட்டுரையாளர் துணிச்சல் என்று வருணித்த அந்தக் கத்திப் பாய்ச்சலுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. சிந்தியாவின் பீரங்கிக்காரர்களோ கடைசிவரை பீரங்கியை விட்டு அசையவில்லை. செத்தவர்போல் கிடந்து, வரிசை தாண்டிப் போனதும் எழுந்து பின்னாலிருந்து சுட்டார்கள்.

குதிரைப்படை ஏன் சும்மா நின்றது என்பதற்கு வருவோம். மராத்தியக் குதிரைவீரர்களில் பெரும்பாலோர் சிலேதார்கள். குதிரை அவரவர் சொந்தச் சொத்து. குதிரை செத்தால் சம்பளமும் பிழைப்பும் போயிற்று. சூறையாடவும் பொதியை மறிக்கவும் துரத்தவும் அந்த ஏற்பாடு அருமையானது. கத்தி நீட்டிய காலாள் வரிசைமேல் மோதுவதற்கு ஏற்றதல்ல. காலாட்படையின் குறை வேறு. அதன் கம்பூக்களை, அதாவது படைப்பிரிவுகளை, ஐரோப்பிய அதிகாரிகள் நடத்தினார்கள். போர் மூண்டதும், மராத்தியர் படையிலிருந்து விலகி வருமாறு கும்பினி விடுத்த அறிவிப்பை நம்பிப் பிரிட்டிஷ்காரர்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள். அவர்கள் இடத்தில் கட்டளையிட ஆள் வளர்த்துவைக்கப்படவில்லை.

கும்பினிப் பக்கம் செத்தவர் 428, காயம்பட்டவர் 1,138, காணாமற்போனவர் 18. மூன்றில் ஒருவருக்கும் மேல். பிடித்த பீரங்கிகள் 98. தோற்றவர்களைத் துரத்தாததைக் கட்டுரை பெருந்தன்மை என்கிறது. காயம்பட்டவர்களில் பாதிப் பேருக்கே டோலி தேவை என்று வைத்தாலும், டோலிக்கு நான்கு பேர் வீதம் 2,200 பேருக்கு மேல் தூக்குவதற்கு வேண்டும். அத்தனை பேர் எங்கே இருந்தார்கள்? மறுநாள் ஸ்டீவன்சன் வந்து தன் மருத்துவர்களைக் கொண்டு உதவி, பிறகுதான் துரத்தப் போனார். காயம்பட்டவர்களுக்கு அஜந்தாவில் மருத்துவமனை அமைந்தது.

தொடரின் அடுத்த பகுதி நவம்பர் 29 அன்று நடந்த ஆர்காவ் போர் என்று அறிவித்திருக்கிறீர்கள். அங்கே, அஸ்ஸாயேயில் உறுதியாக நின்ற சிப்பாய்களே தொலைவில் பீரங்கி முழங்கியதும் கலைந்து ஓடினார்கள். வெல்லெஸ்லி கிராமத்தின் மறைவில் அவர்களைத் திரட்டி மறுபடி நடத்திப் போனார். நீளப் பத்தியாக நடந்துவரும் பட்டாலியன், கிராமத்தைத் தாண்டி வெளியே வந்து பக்கவாட்டு வரிசையாக விரியும் அந்தச் சில நிமிடங்களில் அதனால் சுடவும் முடியாது, ஓரத்தைக் காக்கவும் முடியாது. அச்சிடும் வரைபடத்தில் அம்புக்குறிகளோடு அளவுகோலையும், பத்தி வரிசையாக மாறிய இடத்தையும், பொதிமாடுகள் நிறுத்தப்பட்ட இடத்தையும் குறித்தால் படிக்கும் மாணவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
படை வரலாறு படிக்கும் வாசகர்கள் சிலர்,
சேலம்